செயலி செய்பவர் எந்த டேப்லெட்டை வாங்கலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு வருகைப்பதிவுச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்தேன். மாணவரைப் படம் எடுத்துப் பெயரோடு சேர்த்து வைக்கும் எளிய வேலைதான். என் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தேன், தம்பியின் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தேன், கணினிக்குள்ளேயே கைப்பேசி போல நடிக்கும் எமுலேட்டரிலும் பார்த்தேன். ஒரு குறையும் தென்படவில்லை. பள்ளியிலோ வாசலருகே ஒரு டேப்லெட்டைக் குறுக்குவாட்டில் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் முதல் ஆளாக அதன் முன் வந்து விறைப்பாக நின்றார். திரையில் அவர் படுத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

தப்பு என்னுடையது. கைப்பேசிகளுக்கு நிமிர்ந்து நிற்பதுதான் இயல்பு நிலை. பல டேப்லெட்டுகளுக்குப் படுக்கைவாட்டம்தான் இயல்பு நிலை. கேமராப் படத்தை எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்ற கணக்கும், சென்சார்களின் அச்சுகளும் அந்த இயல்பு நிலையிலிருந்தே தொடங்குகின்றன. "எல்லாக் கருவியும் நிமிர்ந்துதான் பிறந்திருக்கும்" என்று நம்பி, திருப்பும் கோணத்தை நானே கணக்கிட்டு எழுதியிருந்தேன். கேமரா வேலைக்குக் கூகுள் தரும் கேமராஎக்ஸ் நிரல் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதுவே பார்த்துக்கொண்டிருக்கும். அல்லது, மேசையில் ஒரு டேப்லெட் இருந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

முதல் டேப்லெட்டை வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சொல் விளக்கம்: இக்கட்டுரையில் செயலி என்றால் ஆப். கருவிக்குள் இருக்கும் சிப்பைப் புராசசர் என்றே சொல்லிவிடுகிறேன், குழப்பம் வேண்டாம்.

முதல் படி: டேப்லெட்டிலேயே நிரல் எழுதும் ஆசையை ஓரமாக வையுங்கள்

"டேப்லெட் வாங்கி அதிலேயே செயலியை எழுதிவிட்டால் லேப்டாப் செலவு மிச்சமாகுமே?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். மிச்சமாகாது. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடாது. அதற்குக் கணினி வேண்டும். ஐபோன், ஐபேட் செயலிகளை எழுதும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே ஓடும். விதிவிலக்கு என்று சொன்னால் ஐபேடில் இருக்கும் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ். 2021 இறுதியில் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து, ஐபேடிலேயே ஒரு செயலியைக் கட்டி ஆப் ஸ்டோருக்கு அனுப்பவும் முடிகிறது. கற்றுக்கொள்ள அருமையான கருவி. ஆனால் அதை மட்டும் நம்பித் தொழிலுக்கு இறங்க வேண்டாம்.

ஆக, நாம் வாங்கப்போவது சோதனைக் கருவி. உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்றால், கையிலுள்ள பணத்தில் முதலில் அதை 16 ஆக்க முடியுமா என்று பாருங்கள். முடியாத லேப்டாப் என்றால் டேப்லெட் வேறு வகையில் கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் ஒன்றாக ஓடும்போது 8 ஜிபி மூச்சுத் திணறும். செயலியை உண்மையான கருவியில் ஓட்டினால் எமுலேட்டரின் பாரம் லேப்டாப்பை விட்டு இறங்கிவிடும்.

இரண்டாம் படி: செயலி யார் கைக்குப் போகப்போகிறது?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என் செயலியை டேப்லெட்டில் யார் திறப்பார்கள்? ஏற்கெனவே பிளே ஸ்டோரில் செயலி வைத்திருப்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது. செயலியை நிர்வகிக்கக் கூகுள் தரும் பிளே கன்சோல் தளத்தில் எந்தெந்தக் கருவிகளில், எந்தப் பதிப்புகளில் செயலி ஓடுகிறது என்ற விவரம் கிடைக்கும். இனிமேல்தான் வெளியிடப் போகிறவர்கள் ஊகிக்க வேண்டியதுதான். கடையில் பில் போடும் செயலியா? மேசை ஓரத்தில் நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் மலிவான டேப்லெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான பாடச் செயலியா? அப்பா பயன்படுத்திச் சலித்துப்போன, திரை கீறிய, ஐந்து வயதுக் கருவி. படம் வரையும் செயலியா? பேனாவோடு வரும் விலை உயர்ந்த கருவி.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தனக்குப் பிடித்ததை, கையிலுள்ள பணத்துக்கு எது மிகவும் வேகமோ அதை வாங்கிவிடுகிறார்கள். வேகமான டேப்லெட் உங்கள் பிழைகளையெல்லாம் மூடி மறைத்துவிடும். ஆயிரம் படங்களை ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றும் பட்டியலை எழுதியிருப்பீர்கள். 12 ஜிபி ரேம் உள்ள கருவி அதை முகம் சுளிக்காமல் காட்டிவிடும். வாடிக்கையாளரின் 4 ஜிபி கருவியில் அதே பட்டியல் செயலியோடு சேர்ந்து செத்துப்போகும். சோதனைக்கு நல்ல டேப்லெட் என்பது நம் பயனர்களிடம் இருப்பதைப் போன்றது, முடிந்தால் அதைவிடக் கொஞ்சம் மெதுவானது.

ஆண்ட்ராய்டா ஐபேடா என்பதும் இதே கேள்வியில் தீர்ந்துவிடும். இந்தியாவில் முதல் செயலி செய்கிறவருக்குப் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான் சரி. ஐபேடை வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்: ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸை விட்டால், உங்கள் செயலியை ஐபேடில் ஏற்ற ஒரு மேக் வேண்டும். கட்டணம் இல்லாத ஆப்பிள் கணக்கில் ஏற்றினால் ஏழு நாளில் அந்தச் செயலி காலாவதியாகும், திரும்ப ஏற்ற வேண்டும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர். கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர். அதே சமயம், ஐபோன் செயலி மட்டும் செய்பவரும் ஐபேடை முழுக்க மறந்துவிட முடியாது. ஐபோன் செயலிகள் இயன்றவரை ஐபேடிலும் ஓட வேண்டும் என்று ஆப்பிளின் விதி சொல்கிறது. ஐபேடில் திறந்து பார்த்து, உடைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது நண்பரின் ஐபேடைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனி நான் சொல்வது பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கு.

மூன்றாம் படி: அங்குலத்தை விடுங்கள், டிபி கணக்கைப் போடுங்கள்

விளம்பரம் அங்குலத்தையும் பிக்ஸலையும் சொல்லும். உங்கள் செயலிக்கு இரண்டும் தெரியாது. அது பார்ப்பது டிபி என்னும் அளவை. சூத்திரம் எளிது: பிக்ஸலை 160ஆல் பெருக்கி, திரையின் அடர்த்தியால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்று கருவி கணக்கில் வைத்திருக்கும் எண்) வகுத்தால் டிபி.

பழைய உதாரணம் ஒன்று இதை நன்றாக விளக்கும். 2012இல் வந்த நெக்ஸஸ் 7இன் அகலம் 800 பிக்ஸல், அடர்த்தி 213. வகுத்தால் ஏறக்குறைய 600 டிபி. அடுத்த ஆண்டு வந்த நெக்ஸஸ் 7இன் அகலம் 1200 பிக்ஸல், அடர்த்தி 320. வகுத்தால் அதுவும் 600தான். பிக்ஸல் ஒன்றரை மடங்கு கூடியும் செயலியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே அகலம். எழுத்து கூர்மையானது, இடம் கூடவில்லை. "இது 2கே திரை சார்" என்று கடைக்காரர் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு: 600, 840. அகலம் 600 டிபிக்குக் கீழே இருந்தால் ஆண்ட்ராய்டு அதைக் கைப்பேசி போன்ற குறுகிய சாளரமாகக் கருதுகிறது. 600 முதல் 839 வரை நடுத்தரம். 840 முதல் அகன்றது. பட்டியலை இடப்பக்கமும் விவரத்தை வலப்பக்கமும் வைக்க இடமுண்டு.

இப்போது சந்தையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் 11 அங்குலத் திரையை எடுத்துக்கொள்வோம். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்இ போன்றவற்றில் 1920க்கு 1200 பிக்ஸல். அடர்த்தி 240 என்று வைத்தால் நிமிர்த்திப் பிடிக்கும்போது அகலம் 800 டிபி, அதாவது நடுத்தரம். படுக்கவைத்தால் 1280, அதாவது அகன்றது. திரையை இரண்டாகப் பிரித்து இன்னொரு செயலியைப் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு 640க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பிரிகோட்டை இழுத்து இன்னும் சுருக்கினால் 600க்குக் கீழே போய்க் கைப்பேசி ஆகிவிடும். ஒரே டேப்லெட்டில் மூன்று வகுப்பும் கிடைக்கிறது. முதல் டேப்லெட்டுக்கு 11 அங்குலம், 16க்கு 10 விகிதம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதனால்தான். 8 அங்குலக் கருவிகள் 600 என்ற எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்பவை. எல்லைக்கோட்டுப் பிழைகளைப் பிடிக்க அவை நல்லவை, ஆனால் இரண்டாவதாக வாங்குங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. செயலி செய்பவர்களுக்கென்று செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (திறக்கும் வழி ஆறாம் படியில்) குறைந்தபட்ச அகலத்தை டிபியில் மாற்றும் இடம் இருக்கிறது. அதில் 600 என்று எழுதினால் உங்கள் 11 அங்குலக் கருவி சின்னக் கருவியைப் போல நடிக்கும். பழைய எண்ணை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் மிகச் சிறிய எண்ணை எழுதிவிட்டு, மாற்றும் பொத்தானே திரைக்கு வெளியே போய், கேபிள் போட்டு, கணினியிலிருந்து கருவிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி நிரலால் மீட்டேன்.

"என் செயலியை நிமிர்ந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறேன், இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு?" என்று முன்பு தப்பிக்கலாம். 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16 அந்தக் கதவை மூடத் தொடங்கிவிட்டது. அந்தப் பதிப்பை இலக்காக வைத்து, அதாவது அதன் விதிகளுக்கு ஒப்புக்கொண்டு, கட்டும் செயலி, 600 டிபியும் அதற்கு மேலும் உள்ள திரைகளில் போடும் பூட்டை இயங்குதளம் கண்டுகொள்வதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குத் தற்காலிகமாக விலக்குக் கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆண்ட்ராய்டு 17ஐ இலக்காக வைக்கும் செயலிகளுக்கு அதுவும் கிடையாது. படுக்கைவாட்டத்தில் உங்கள் "சமர்ப்பி" பொத்தான் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தண்டவாளம் போல நீண்டு கிடப்பதை ஒருமுறை பார்த்தால் போதும், வடிவமைப்பில் கை வைக்கத் தானாகவே தோன்றும்.

தமிழில் செயலி செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேப்லெட்டில் இடப்பக்கம் ஒல்லியாக ஒரு பட்டை வைத்து, அதில் படமும் கீழே பெயரும் போடுவது வழக்கம். ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்தில் அடங்குகிற பெயர் தமிழில் "அறிவிப்புகள்", "பதிவிறக்கங்கள்" என்று நீளும். சொல் நடுவில் முறிந்து, ஒரு புள்ளி எழுத்து மட்டும் அடுத்த வரிக்குப் போய் உட்காரும். எழுத்தளவைக் கூட்டினால் இகர, ஈகாரக் குறிகளின் தலை வெட்டுப்படுவதும் உண்டு. அதனால் திரையை எடைபோடும்போதே கருவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள்.

நான்காம் படி: உள்ளே என்ன இருக்கிறது

ரேம் 4 ஜிபி. அதற்குக் கீழே வேண்டாம். 2 ஜிபி கருவியில் உங்கள் செயலியின் குற்றம் எது, கருவியின் குற்றம் எது என்றே பிரித்தறிய முடியாது. 8 ஜிபி உங்கள் சொந்த வசதிக்கு நல்லது, சோதனைக்குத் தேவையில்லை. அட்டைப்பெட்டியில் "8+8" என்று கூட்டல் குறி போட்டிருந்தால் இரண்டாவது எட்டு ரேம் அல்ல. சேமிப்பிடத்தில் கொஞ்சத்தை எடுத்து ரேம் போல நடிக்க வைப்பது. சேமிப்பிடம் 64 ஜிபியாவது இருக்கட்டும். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்தாலும் 90 தடவை புதுப்பித்தாலும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆண்ட்ராய்டின் பதிப்புதான் முக்கியம். இன்று எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதோடு, இன்னும் எத்தனை அப்டேட் தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூகுள் பிளேயின் கெடுபிடி ஆண்டுதோறும் நகர்கிறது: 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் அப்டேட்டுகளும் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைக்க வேண்டும் என்று விதி வந்தது. புதிய பதிப்புகளின் நடத்தையைப் பார்க்க முடியாத கருவி இரண்டே ஆண்டில் பழைய கருவிகளுக்கான சோதனையாக மட்டும் மிஞ்சும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியின் செட்டிங்ஸைத் திறந்து, பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் பழையதாக இருந்தால், நிறுவனம் வாக்கைக் காப்பாற்றும் அழகு அதுதான்.

அடுத்து கூகுள் சேவைகள். அமேசானின் ஃபயர் டேப்லெட்டுகளிலும் ஹுவாவேயின் புதிய டேப்லெட்டுகளிலும் கூகுள் பிளே சேவைகள் இல்லை. கூகுளின் ஃபயர்பேஸ் சேவை அனுப்பும் அறிவிப்பு, கூகுள் வரைபடம், கூகுள் கணக்கில் உள்நுழைவது என எதைச் சோதிக்க நினைத்தாலும் முட்டிக்கொள்ளும். பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவு டேப்லெட்டில் பிளே ஸ்டோர் இருக்கும், சான்றிதழ் இருக்காது. பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் அறிமுகப் பகுதியைத் திறந்தால் கருவி சான்று பெற்றதா என்று எழுதியிருக்கும்.

புராசசரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: சில பழைய மலிவுக் கருவிகளில் சிப் 64 பிட், ஆனால் ஏற்றியிருக்கும் ஆண்ட்ராய்டு 32 பிட். கூகுள் பிளே 2019 ஆகஸ்ட் முதலே 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. நீங்கள் வெளியிடும் வடிவத்தையே உங்கள் கருவியில் ஓட்டிப் பார்க்க முடியாமல் போவது பெரிய அபத்தம். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் (ஒரே நிரலிலிருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி தரும் கருவித்தொகுப்புகள்) வழியாகச் செயலி செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் முதல் கேட்கப்படும் 16 கேபி நினைவகப் பக்கம் (நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகப் பிரிக்கும் கருவிகளிலும் செயலி ஓட வேண்டும்) என்ற விதியும் அவர்களைத்தான் அதிகம் தொடும். ஆனால் அதற்கென்று டேப்லெட் தேட வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் அதற்கான எமுலேட்டர் வடிவம் தனியாகவே கிடைக்கிறது.

ஐந்தாம் படி: என்ன இல்லை என்று கேளுங்கள்

டேப்லெட்டில் இல்லாதவைதான் சோதனைக்குச் சுவையானவை. வைஃபை மட்டும் உள்ள கருவியில் சிம் இல்லை. ஓடிபி குறுஞ்செய்தி அந்தக் கருவிக்கு வராது. குறுஞ்செய்தியைத் தானாகப் படித்து உள்ளே விடுவதாக மட்டும் நீங்கள் எழுதியிருந்தால், டேப்லெட் வைத்திருப்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். எண்ணைக் கையால் தட்டச்சு செய்யவும் இடம் வேண்டும். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. ஆண்ட்ராய்டில் கருவிக்குக் கருவி மாறும். அதிர்வு, கைராஸ்கோப், என்எஃப்சி, பின் கேமராவுக்கு ஃபிளாஷ் ஆகியவற்றில் எது இருக்கும், எது இருக்காது என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

இதில் மறைந்திருக்கும் பொறி ஒன்று. தொலைபேசி அழைப்புக்கான அனுமதியைச் செயலியில் கேட்டிருந்தால், "இதற்குத் தொலைபேசி வசதி கட்டாயம்" என்று பிளே ஸ்டோர் தானாகவே அர்த்தம் செய்துகொள்ளும். விளைவு, வைஃபை டேப்லெட்டில் தேடினால் உங்கள் செயலியே தென்படாது. "வாடிக்கையாளருக்குத் தெரியவில்லையாம், எனக்குத் தெரிகிறதே" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். செயலியின் தேவைகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்த வசதி கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இந்தக் காரணத்துக்காகவே நான் முதல் டேப்லெட்டாக வைஃபை மட்டும் உள்ளதை வாங்கச் சொல்கிறேன். சிம் உள்ள கருவி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் உங்கள் கைப்பேசி.

ஆறாம் படி: கடையில் பதினைந்து நிமிடம்

புதிய கருவி என்றால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வகைக் கருவி இந்தியாவில் 20,000 ரூபாயை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடைக்கிறது. பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

பழைய கருவி என்றால் கதை வேறு. நான் ஒருமுறை பாதி விலைக்குப் பளபளவென்று ஒரு டேப்லெட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்த்த அடுத்த நிமிடம், "இந்தக் கருவி உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்று திரை நிறைய ஒரு வாசகம். ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கி விநியோகித்த கருவி அது. எங்கோ ஒரு சர்வரிலிருந்து கட்டுப்படுத்தப்படுவது. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கவே விடவில்லை. அழித்து மறுபடி தொடங்கினாலும் இணையத்தைத் தொட்டவுடன் அதே வாசகம். மறுநாள் போனபோது விற்றவர் கைவிரித்துவிட்டார். இன்று அது எங்கள் வீட்டுச் சமையலறையில் கடிகாரமாக இருக்கிறது.

ஆகவே பழையதை வாங்கும்போது லேப்டாப்பையும் நல்ல கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்முன் நீக்கட்டும்; நீக்காமல் அழித்தால் கருவி பழைய கணக்கின் கடவுச்சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு செட்டிங்ஸ் வழியாக முழுவதும் அழிக்கச் சொல்லுங்கள். மறுபடி தொடங்கும்போது உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். வைஃபையைத் தவிர்த்துவிட்டு முன்னேறாதீர்கள், பூட்டு இருந்தால் அங்கேதான் வெளியே வரும். முகப்புத் திரை வந்ததும் செட்டிங்ஸில் பில்டு நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். யுஎஸ்பி டீபக்கிங்கை (கேபிள் வழியாகக் கணினி கருவியோடு பேசுவதற்கான அனுமதி) இயக்கி, லேப்டாப்பில் செருகி, ஏடிபி பட்டியலில் கருவியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பணத்தை எடுக்கலாம். ஐபேடில் இதற்கு இணையானவை இரண்டு: பழைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் பூட்டு, ரிமோட் மேனேஜ்மென்ட் என்னும் நிர்வாகத் திரை.

கடைசியாக, கண்ணாடி மேசைமேல் கருவியைப் படுக்கவைத்து நான்கு மூலைகளையும் மெல்ல அழுத்துங்கள். முதுகு பொம்மிக்கொண்டு நாற்காலி போல ஆடினாலோ, திரையின் ஓரம் சட்டத்தைவிட்டு மயிரிழை எழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

ஏழாம் படி: முதல் மாலை

லேப்டாப்பில் செருகியும் கருவி தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் ஊரெல்லாம் உண்டு. உள்ளே தகவல் போகும் கம்பியே இருக்காது. நான் இதைப் புரிந்துகொள்ளும் முன் டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவியிருக்கிறேன். இணைந்தவுடன் டேப்லெட்டின் திரையில் "இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?" என்று ஒரு கேள்வி வரும். பலர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்து அதைத் தவறவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம். சுவரில் மாட்டிய கருவிக்கு அதுதான் வழி. நாள் முழுக்கச் சார்ஜிலேயே கிடக்கப்போகிறது என்றால், பேட்டரியை 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் இயக்கிவிடுங்கள்.

இனி உங்கள் செயலியைத் திறங்கள். ஒரு படிவத்தில் பாதி நிரப்புங்கள். பெயர், ஊர், பின்கோடு. அப்படியே டேப்லெட்டைத் திருப்புங்கள். எழுதியதெல்லாம் காணாமல் போனதா? திருப்பும்போது ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துப் புதிதாக எழுப்புகிறது. நிரப்பியதைத் திரையில் மட்டும் வைத்திருந்தால் அதோடு போய்விடும். திரைக்கு வெளியே தகவலைக் காத்து வைக்கும் வியூமாடலில் வைத்திருந்தால் தப்பிக்கும். பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "செயல்பாடுகளை வைத்திருக்காதே" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை இயக்கிவிட்டு, படிவத்தின் நடுவில் வேறொரு செயலிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். இந்தச் சோதனையில் வியூமாடலும் கைவிட்டுவிடும், நிலையைச் சேமிக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும். முதல் முறையே இரண்டிலும் தேறிய செயலியை நான் இன்னும் பார்த்ததில்லை, என்னுடையவை உட்பட. அதன்பின் திரையைப் பிரியுங்கள், பிரிகோட்டை இழுங்கள். கீபோர்டு இருந்தால் மாட்டி, டேப் விசையால் மட்டும் படிவத்தைக் கடந்து பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

எட்டாம் படி: மிச்சத்தைக் காசில்லாமல் பாருங்கள்

ஒரு டேப்லெட்டால் எல்லாம் தெரிந்துவிடாது, ஆனால் உடனே இரண்டாவது வேண்டாம். ஐபேடைப் போன்ற 4க்கு 3 விகிதம், ஒன்பிளஸ் பேடின் 7க்கு 5 விகிதம் போன்ற வடிவங்களை எமுலேட்டரில் பார்த்துக்கொள்ளலாம். கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேபில் கட்டணமில்லாத் திட்டத்திலேயே நாளுக்கு ஐந்து சோதனைகளை உண்மையான கருவிகளிலும் பத்தை மெய்நிகர் கருவிகளிலும் ஓட்டலாம்.

அதோடு கூகுளே உங்களுக்கு ஆட்களைச் சேர்த்து வைக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். எல்லோரும் இதைச் சடங்காக நினைத்து நண்பர்களின் கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டில் மூன்று பேரையாவது டேப்லெட் வைத்திருப்பவர்களாகப் பிடியுங்கள்: அக்கா மகனின் பாட டேப்லெட், தெருமுனை மருந்துக்கடையின் பில் போடும் கருவி, பெரியப்பா செய்தி படிக்கும் ஐந்து வயதுக் கருவி. பெரியப்பா எழுத்தளவை உச்சத்தில்தான் வைத்திருப்பார்.

எங்கள் மேசையிலிருக்கும் டேப்லெட்டின் முதுகில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். நிமிர்ந்தால் 800, படுத்தால் 1280, ரேம் 4, ஆண்ட்ராய்டின் பதிப்பு, ஜிபிஎஸ் உண்டு, அதிர்வு இல்லை. பதிப்பு இருந்த இடத்தில் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறது. அந்தத் திருத்தங்கள் நின்று ஓராண்டு ஆனால் அடுத்ததை வாங்குவேன். பழையதை விற்க மாட்டேன், மெதுவான கருவி என்ற பதவி அதற்குக் காத்திருக்கிறது.